தயிர் உறைக்குப் போன வீடு

காலை ஏழு மணிக்கு விமானம் லண்டனில் இறங்கியது. மாப்பிள்ளை காரோடு காத்திருந்தார். மறைமலைநகரில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் இருந்தவருக்கு இப்போது இங்கே டிராக்டர் பட்டறையில் வேலை. மூன்று மணி நேரம் ஓட்டினார்.

"இன்னும் எவ்ளோ தூரம் கீது மாப்ள?"

"வந்துட்டோம் அத்தே. இதான் ஊரு."

எட்டிப் பார்த்தேன். "இன்னாது, ஒரு வூட்டையும் காணோம்?"

ஊர் நார்போக் சீமையில் இருக்கிறது. செங்கல்பட்டு ஏரிக்குக் கீழே உள்ள வயல்வெளி மாதிரி தட்டையான பூமி, பனைமரம்தான் இல்லை. கோதுமை போடுகிறார்கள், சர்க்கரை எடுக்கிற வெள்ளைக் கிழங்கு ஒன்றும் போடுகிறார்கள். நடுவில் ஒரு சர்ச். அதைச் சேர்ந்த வயலும் வீடும் எதுவரையோ, அதுவரைக்கும் ஊர். மாமல்லபுரத்தில் பாறையைக் குடைந்து கோயில் செய்தார்கள். இங்கே குடைவதற்குப் பாறையே கிடையாது. உழும்போது கிடைத்த கல்லையெல்லாம் பொறுக்கி அடுக்கி, வட்டமாக ஒரு கோபுரம் கட்டியிருக்கிறார்கள். தடவிப் பார்த்தேன், ஆசையாக இருந்தது.

கடை கிடையாது. பஸ் வாரத்துக்கு ஒருநாள். ஆஸ்பத்திரி, எங்கள் சிங்கப்பெருமாள் கோயிலில் இருந்து தாம்பரம் போகிற தூரம். காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு எங்கள் ஊரில் நிற்கிற கூட்டம்கூட இந்த முழு ஊரிலும் இல்லை. அதிலும் பாதிப் பேர் என் வயசு.

மகள் செல்விக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதம். மாப்பிள்ளை விடியுமுன்னே போனால் இருட்டித்தான் வருவார். நான் திரும்பிய பிறகு குழந்தைக்கு ஒன்று என்றால் ஓடிவர யார் இருக்கிறார்கள்? அந்த வயலைப் பார்க்கும்போதெல்லாம் இதே நினைப்பு.

பக்கத்து வீடு என்பது வயலுக்கு அந்தப் பக்கம். ஜேன் என்கிற அம்மா தனியாக இருந்தார். ஒருநாள் செல்வி குழந்தையோடு தூங்கிக்கொண்டிருந்தாள். பாலுக்கு உறை ஊற்றத் தயிர் இல்லை. எங்கள் தெருவில் செய்கிற மாதிரி டம்ளரை எடுத்துக்கொண்டு நடந்தேன். பின்கதவு திறந்திருந்தது, உள்ளே போய்விட்டேன். ஜேன் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். எனக்கோ அவர் பாஷை வராது. பாலை ஊற்றுவது போலவும் தட்டால் மூடுவது போலவும் கையைக் காட்டினேன். ஒன்றும் புரியாமல் பிரிட்ஜைத் திறந்து காட்டினார். தயிர் கப் ஒன்றைத் தொட்டேன், கொடுத்தார். கூச்சத்தில் டம்ளரை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அது பழம் கலந்த தயிர். மறுநாள் பால் ரோஸ் நிறத்தில் தோய்ந்திருந்தது.

"இன்னாம்மா பண்ணி வச்ச?" செல்வி தலையில் கைவைத்தாள். "இங்க போன் பண்ணாம யாரும் யார் வூட்டுக்கும் போவமாட்டாங்க!"

"உறைக்குத்தாண்டி போனேன்."

மாப்பிள்ளை அந்தத் தயிரைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து, "கல்யாண வூட்டு ஐஸ்கிரீம் மாதிரி கீது அத்தே" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருந்த ஒரே பக்கத்து வீட்டையும் கெடுத்துவிட்டேனே.

செல்வி ஜேனுக்குப் போன் போட்டு, உறை ஊற்றுவது எப்படி என்று நெடுநேரம் விளக்கினாள்.

"இன்னா சொன்னாங்க?"

"பரவால்லன்னாங்க. இந்த ஊர்ல எல்லாத்துக்கும் அப்டித்தாம்மா சொல்லுவாங்க."

அதன்பிறகு நான் தோட்டத்துப் பக்கம்கூடப் போகவில்லை.

கிளம்புகிற நாள் வந்தது. பெட்டிகள் காரில் ஏறிவிட்டன. போனும் வரவில்லை, பெல்லும் அடிக்கவில்லை, சமையலறைப் பின்கதவு திறந்தது. ஜேன் உள்ளே வந்து நின்றார். கையில் என் டம்ளர். பாலை ஊற்றுவது போலவும் தட்டால் மூடுவது போலவும், நான் காட்டிய மாதிரியே, கையைக் காட்டினார்.

நல்ல வெள்ளைத் தயிராக இரண்டு கரண்டி ஊற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. டம்ளரை மேசைமேல் வைத்துவிட்டு, செல்வியிடம் கேட்காமலே குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

ஊருக்கு வந்துவிட்டேன். வாசலில் லாரி சத்தம், பஸ் சத்தம், ஆள் சத்தம். அந்த ஊரில் எத்தனை பேர் என்று தெருவில் கேட்கிறார்கள்.

"கம்மிதான். வயலுக்கு அந்தாண்ட ஒருத்தங்க கீறாங்க" என்கிறேன்.