துரைக்குக் கொண்டுபோன கொடுவா

ஒல்லாந்துக்காரர் கோட்டைக்குப் புதுத் துரை வருகிறான் என்று கேள்விப்பட்டதிலிருந்தே எனக்கு விறகைப் பற்றித்தான் கவலை. பழைய துரை ஏரிக்கரைக் காட்டு விறகையெல்லாம் வெடிமருந்துக்குக் கரி சுட எடுத்துக்கொண்டான். நாங்கள் ஒரு சுள்ளி ஒடித்தாலும் பிரம்படி. சோறு பொங்குவதைக்கூட விடுங்கள், நூல் வலையை அடிக்கடி மரப்பட்டைத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சாவிட்டால் அழுகிக் கிழிந்துவிடும். வலை போனால் பசியாவரம் குப்பத்தில் நாங்கள் எதைத் தின்பது, மணலையா?

புதிதாக வரும் துரையிடம் குப்பத்துக்கு ஒரு சலுகை கேட்டுக்கொள்ளலாம், அது வழக்கம். வலைவரியைக் குறைக்கச் சொல்லலாம் என்றார்கள் சிலர். "வரி கெடக்குது, மொதல்ல வெறகைக் கேளுங்க" என்று நான்தான் கத்தினேன். முறைப்படி அந்தத் தடவை பேச வேண்டியவர் என் வீட்டுக்காரர். அவருக்கு வாய் இருக்கிறதா என்றே ஊருக்குச் சந்தேகம்.

வெறுங்கையோடு போக முடியுமா? "ஒரு கூடை எறா போதும்மே" என்றார் அவர்.

"இன்னாய்யா நீ! அவன் மனசு குளிர்ற மாதிரி குடுத்தாத்தான் காரியம் ஆவும்" என்று நான் விடவில்லை.

ஊரே நாலு நாள் ஏரியைச் சலித்தது. கடைசியில் முகத்துவாரத்தில் என் தோள் உயரத்துக்கு ஒரு கொடுவா சிக்கியது. அப்படி ஒரு மீனை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

கோட்டை வாசலில் அதைக் கிடத்திவிட்டு எல்லோரும் ஒதுங்கி நின்றோம். சிப்பாய்களின் துப்பாக்கிகளைப் பார்த்ததும் நான் இன்னும் இரண்டடி பின்னால் போனேன். வீட்டுக்காரர் தரையைப் பார்த்தபடியே விறகைக் கேட்டு முடித்தார். துரை அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. மீனையே சுற்றிச் சுற்றி வந்தான். பிறகு சிரித்துக்கொண்டே, அவன் பேச்சைத் தமிழில் சொல்லும் துபாஷியிடம் ஏதோ சொன்னான்.

"வெறகு வெட்டிக்கலாம்னு உத்தரவு" என்றார் துபாஷி. எனக்கு அழுகையே வந்துவிட்டது. துரை இருந்த பக்கம் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"இருங்க, இன்னும் முடியல. வலைவரியும் கெடையாது. அதுக்குப் பதிலா வாராவாரம் இதே அளவுல ஒரு மீனு கோட்டைக்கு வந்துடணும். வந்து கேட்டவன்தான் பொறுப்பு. மீனு வரலன்னா, அவனைத் தூர தேசத்துக்கு அடிமையா கப்பல்ல ஏத்திடுவாங்க."

ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்! கும்பிட்ட கையைக் கீழே இறக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

வீட்டுக்காரரோடு படகுக்கு நடந்தேன். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. துடுப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்.

"அடுத்த வாரத்துக்கு இன்னும் எத்தினி நாளு இருக்குதுமே?"

ஏழு என்று சொல்லிவிட்டு, படகை முகத்துவாரத்துப் பக்கம் திருப்பச் சொன்னேன்.