ரப்பராகிப் போன கந்தகம்

பேச்சிச்செல்வி ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் நடவு நட்டு வளர்ந்தவள். நெல்லை மூட்டையில் கட்டி வைத்தால், அவிழ்க்கும்போதும் நெல்தான் இருக்கும். துறைமுகத்துக்குக் கூட்டுகிற வேலைக்கு வந்த பிறகுதான், எது எப்போது எதுவாக மாறும் என்றே அவளுக்குப் பிடிபடாமல் போனது.

கப்பலில் வந்த கந்தகம் யார்டில் மஞ்சள் மலையாகக் கிடக்கும். சிந்தியதைக் கூட்டிக் குவியலில் சேர்ப்பது அவள் வேலை. அன்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். குவியலின் ஓரத்திலிருந்து மூக்கை அறுக்கும் நெடி. கிட்டப் போனால் நீலமாக ஏதோ நெளிகிறது. உச்சி வெயிலில் சரியாகத் தெரியக்கூட இல்லை. கந்தகம் உருகி, செக்கச் செவேலென்று ஓடி, பக்கத்து வாய்க்கால் தண்ணீரில் விழுந்தது. நனைந்த சாக்கைப் போட்டு அமுக்கித் தீயை அணைத்தாள். பிறகு வாய்க்காலில் கையை விட்டால், வந்தது கந்தகமே இல்லை. பழுப்பு நிறத்தில், இழுத்தால் நீளுகிற ரப்பர்!

சூப்பர்வைசர் கிளைட்டன் வந்தார். சட்டை கசங்காத மனிதர். வேலை செய்தால்தானே கசங்கும்.

“ஏளா, சரக்குல ரப்பரக் கலந்தியா?”

“தீப்பிடிச்சுது சார். உருகி ஓடித்தான் இப்படி ஆயிட்டு.”

“தீயா? எங்கன சாம்பல்?”

அவளும் தேடினாள். ஒரு பொட்டுச் சாம்பல் இல்லை.

“தீயும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. வெளிய போய் உளறாத. சரக்கச் சோதிக்கிற சர்வேயர் வரட்டும். கலப்படம்னு சொல்லிட்டா ஒன் கேட் பாஸப் பிடுங்கிருவேன்.”

அந்த ரப்பரைக் கவரில் போட்டுத் தன் அலமாரியில் பூட்டிக்கொண்டார். மறுநாள் மாதா கோயில் தேர்த் திருவிழா. யார்டுக்கு விடுமுறை.

பேச்சிச்செல்விக்குச் சோறு இறங்கவில்லை. ஊரில் நடவுக்கு மெஷின் வந்துவிட்டது. பாஸ் போனால் பிழைக்க வேறு வழியில்லை. சாம்பல் இல்லாத தீ உண்டா? வெயிலில் கண் மயங்கி எதையோ பார்த்தோமோ? யோசிக்க யோசிக்கத் தன் மீதே அவளுக்குச் சந்தேகம் வந்தது.

திருவிழா முடிந்து சில நாள் கழித்துத்தான் சர்வேயர் ஈவாஞ்சலின் வந்தாள். கிளைட்டன் மிடுக்காக அலமாரியைத் திறந்து கவரை எடுத்தார். உள்ளே ரப்பர் இல்லை. வெளிர் மஞ்சளாக ஒரு கட்டி. தொட்டதும் ஓரம் பொடிந்தது.

“ஏளா, மாத்திட்டியா?” என்று கத்தினார். சாவிக்கொத்து அவர் கையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

வாய்க்காலில் ரப்பர் கிடந்ததாகக் கிளைட்டன் சொன்னதைக் கேட்டுவிட்டு ஈவாஞ்சலின் கட்டியை விரலால் தேய்த்துப் பார்த்தாள். “அந்த ரப்பரும் கந்தகம்தான், இதுவும் கந்தகம்தான். நல்லாக் கொதிச்சு உருகி, சட்டுன்னு தண்ணியில விழுந்தா ரப்பர் மாதிரி ஆகும். சும்மா வச்சிருந்தா திரும்ப மஞ்சளாயிரும். இவங்க எதையும் கலக்கல.”

பேச்சிச்செல்விக்குப் பாதி புரியவில்லை. பாஸ் தப்பியது என்பது மட்டும் புரிந்தது.

“ஆனா உருகாம அப்படி ஆகாதே,” என்றாள் ஈவாஞ்சலின். “இங்க தீப்பிடிச்சுதா? கந்தகம் எரிஞ்சா சாம்பல்கூட மிஞ்சாதே.”

கிளைட்டன் சட்டென்று பேச்சிச்செல்வி பக்கம் திரும்பினார். “ஏளா, தீப்பிடிச்சத ஏன் எங்கிட்டச் சொல்லல?”

கந்தகம் ரப்பரானதைக்கூட நம்பிவிடலாம் போலிருந்தது. அவள் அவர் முகத்தையே பார்த்தாள்.

“சொன்னேனே சார். நீங்கதான சாம்பலக் கேட்டிய.”