கடைசி குரூப் ஆட்டமும் என் சனிக்கிழமையும்

“ஃபுட்பால்ல இந்தியா என்னிக்கும்மா ஜெயிச்சுது? முதல்ல அந்த குரூப்பைத் தாண்டட்டும், அப்புறம் பாக்கலாம்” என்று அப்பா தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்ன நொடியில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. போகிறபோக்கில் விழுந்த வார்த்தையை அப்படியே பிடித்து நிபந்தனையாக்கிவிட்டால் என்ன? “தாண்டினா என்னை ஃபுட்பால் கோச்சிங்ல சேர்த்துவிடணும். அம்மா சாட்சி” என்றேன். தாண்டவே தாண்டாது என்ற தைரியத்தில் அப்பாவும் தலையாட்டிவிட்டார்.

நான் அப்போது ஏழாம் வகுப்பு. சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் சனிக்கிழமை காலைகளில் கால்பந்துப் பயிற்சி நடக்கும். பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். அதே நேரத்தில்தான் எனக்குக் கணக்கு டியூஷன். கணக்கைத் தியாகம் செய்ய நான் தயார். அப்பா தயாரில்லை.

உலகக்கோப்பைத் தகுதிச் சுற்று அது. நான்கு அணிகள் கொண்ட குரூப்பில் முதல் இரண்டுக்கு மட்டும் அடுத்த சுற்று. கடைசி ஆட்டம் வரும்போது நாம் இரண்டாமிடம். மூன்றாவது அணி ஒரே ஒரு புள்ளி பின்னால். ஜெயித்தால் கவலையில்லை. டிரா செய்தால், அதே நேரத்தில் வேறொரு நாட்டில் ஆடும் அந்த மூன்றாவது அணி ஜெயிக்காமல் இருக்க வேண்டும். இதை வீட்டில் எல்லோருக்கும் சலிக்கச் சலிக்க விளக்கியிருந்தேன். விதிகள் என்று வந்துவிட்டால் அந்த வயதில் நான் கொஞ்சம் வக்கீல்.

அன்று மாலை காட்டாங்குளத்தூர் காலேஜில் வேலை பார்க்கும் மாமாவும் வந்திருந்தார், அம்மாவின் தம்பி. டிவியில் நம் ஆட்டம், மாமாவின் செல்போனில் அந்த ஆட்டம். இடைவேளைக்குச் சற்று முன் இந்தியா கோல் போட்டது. அந்த நேரம் பார்த்து அம்மா கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். எங்கள் வீட்டுக் கிரிக்கெட் சட்டப்படி, நல்லது நடக்கும்போது யார் எங்கே இருக்கிறார்களோ அங்கேயே இருந்தாக வேண்டும்.

“நகராத! அங்கயே நில்லு!” அப்பா கத்தினார்.

“அடுப்புல குருமா இருக்குங்க.”

“இருக்கட்டும். தீஞ்சா ஹோட்டல்ல வாங்கிக்கலாம்.”

இடைவேளை முழுக்க அம்மா நின்றாள். இரண்டாம் பாதியிலும் நின்றாள். கடைசியில் வாசனை கூடத்துக்கே வந்துவிட, கேஸை நிறுத்த உள்ளே போனாள். அவள் திரும்புவதற்குள் எதிரணி கோல் போட்டுவிட்டது.

“பாத்தியா? இதுக்குத்தான் தலபாடா அடிச்சிக்கினேன்!”

“நான் கேஸை ஆஃப் பண்ணதுக்கும் அவன் கோல் போட்டதுக்கும் என்னங்க சம்பந்தம்?”

சம்பந்தம் உண்டு என்பதில் எங்கள் மூவருக்கும் சந்தேகமே இல்லை.

ஆட்டம் டிராவில் முடிந்தது. அப்பா சோபாவிலிருந்து எழுந்து மாமாவிடம் ஓடினார். “அங்க என்ன மச்சான்?”

“கோலே இல்ல அத்தான். இன்னும் ஓடிட்டிருக்கு.”

“நம்மளுது முடிஞ்சுதே, அவனுங்க மட்டும் என்ன இன்னும் ஆடறானுங்க?”

“விழுந்து எழுந்த நேரத்தையெல்லாம் கடைசியில சேர்ப்பாங்க.”

நான்கு தலைகளும் அந்தச் சின்னத் திரைமேல் கவிழ்ந்தன. யாரோ ஒருவன் பந்தை உதைக்கக் காலைத் தூக்கினான். தூக்கிய கால் அப்படியே அந்தரத்தில் நின்றுவிட்டது. வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. “வைஃபைய போடுடா” என்றாள் அம்மா. “அதுலதான் இருக்கு அக்கா!” என்று மாமா கிட்டத்தட்ட அழுதார். படம் மறுபடி அசைந்தபோது அந்த மூன்றாவது அணிக்காரர்கள் எல்லோரும் மூலைக் கொடிக்கம்பத்தருகே ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கிடந்தார்கள். அந்தக் கோலை எங்கள் வீட்டில் யாரும் பார்க்கவே இல்லை.

“போச்சு” என்றார் மாமா.

அப்பா மாமாவின் பக்கம் திரும்பினார். “மூணாவதா வந்தவங்களுக்கு ஒண்ணுமே கெடையாதா மச்சான்?”

“ஆசியக் கோப்பைக்குத் தகுதி ஆட்டம் இருக்கு. புதுசா குரூப் போடுவாங்க.”

“அப்போ இன்னும் முடியலையே! அதுவும் தாண்டின மாதிரிதானே?” என்று என்னைப் பார்த்தார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “இல்லப்பா. அது வேற கப். இதுல அவுட்.”

“இந்த கோல் வித்தியாசம், அது இதுன்னு...”

“புள்ளி சமமா இருந்தாத்தாம்ப்பா அதெல்லாம்.”

“கிரிக்கெட்ல ரிசர்வ் டேன்னு ஒண்ணு வெச்சிருப்பான்...”

“அப்பா! ரூல்னா ரூல்!”

அப்பா டிவியை அணைத்துவிட்டு, “சரி, சாப்பிட வா” என்றார்.

தோற்றால் டியூஷன் மிஞ்சும் என்றிருந்த மனிதர் அம்மாவை ஏன் அசையவிடாமல் நிறுத்தினார், ஆட்டம் முடிந்த பிறகும் ஏன் ஓட்டை தேடிக்கொண்டிருந்தார் என்று எனக்கு அன்று தோன்றவே இல்லை. கால்பந்து தெரியாதவர், பாவம் என்றுதான் நினைத்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் மாமாவைத் தனியாக இழுத்துக்கொண்டு போனேன். புது குரூப்புக்கு அப்பாவிடம் என்ன நிபந்தனை வைக்கலாம் என்று கேட்டேன்.

“ஒரு கண்டிஷனும் வேணாம். இப்பவே போய் சும்மா கேளேன்டி, லூசு.”

சும்மா கேட்பதா? தோற்றுவிட்டு எந்த முகத்தோடு? மாமாவுக்கும் விவரம் போதவில்லை. காலையில் அப்பா வேலைக்குப் போக ரயிலுக்குக் கிளம்புவதற்குள் பிடித்துவிட வேண்டும். குரூப்பைத் தாண்ட வேண்டாம், முதல் ஆட்டத்தில் டிரா ஆனாலே போதும் என்று பேரம் பேசிப் பார்க்க வேண்டும். அவரைச் சம்மதிக்கவைப்பது லேசுப்பட்ட காரியமா? அதற்கான வாதங்களை ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினேன்.