எங்கள் யார்டுக்கு வந்த கவுன்சிலர் அம்மா

அன்று யார்டு கேன்டீனில் கிரேன் ஓட்டுகிற நாங்கள் நான்கு பேர், சூப்பர்வைசர், மன அழுத்தம் பற்றி வகுப்பெடுக்க வந்த கவுன்சிலர் அம்மா என்று ஆறு பேர் இருந்தோம். அந்த அம்மாவைப் பார்த்ததும் நான் தூண் பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்தேன். காரணமே இல்லாமல் நெஞ்சு படபடக்கிறது என்று இரண்டு மாதமாக, யாருக்கும் தெரியாமல், தண்டையார்பேட்டையில் அவரிடம்தான் போய்க்கொண்டிருந்தேன். கம்பெனிகளிலும் வகுப்பெடுப்பதாக அவர் அறை வாசலில் நோட்டீஸ் உண்டு. எங்கள் கம்பெனிக்கே வருவார் என்று நினைக்கவில்லை. விஷயம் தெரிந்தால் என்னைக் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள். எட்டாவதோடு நின்றவனுக்கு வேறு யார் வேலை தருவார்கள்?

குள்ள உருவம், நரைத்த கிராப்பு, பெரிய கண்ணாடி. தன் அறையில் செய்வது போலவே கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்.

"இன்னாபா, இப்டி வேர்த்துகினு கீது? மேடத்த முன்னாடியே தெரியுமா?" என்று என்னைக் கேட்டார் சூப்பர்வைசர்.

"பாடம்னாலே நம்ம மாமுக்கு அப்டித்தான் சார்" என்றான் பக்கத்திலிருந்தவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

அந்த அம்மா நிதானமாக என்னைப் பார்த்தார். "உங்க பேர் என்னண்ணா?" என்று கேட்டு, நான் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

வகுப்பு முடிந்ததும் கேட் வரை பின்னாலேயே ஓடினேன்.

"மேடம், போன வாரத்து பீஸ்..."

"எந்த பீஸு? உங்கள நான் இப்பதானே பாக்கறேன்" என்று ஆட்டோவில் ஏறிவிட்டார்.

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாரா, இனி வராதே என்றாரா? அந்தப் பயத்திலேயே பிறகு நான் அங்கே போகவில்லை. அவருக்குத் தரவேண்டிய ஐந்நூறு ரூபாய் அப்படியே நிற்கிறது.