இசைத்தட்டின் மறுபக்கம்

ஒஸ்லோவின் புறநகரான குரோருட்டில் எங்களுக்குக் கீழ்வீட்டில் ஓர் இங்கிலாந்துக்காரர் தனியாக இருந்தார். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. ஒரு வசந்தத்தில், கட்டடத்தார் எல்லோரும் கூடித் துப்புரவு செய்யும் நாளன்று, அவருடைய நிலவறையிலிருந்து ஒரு பெரிய டிரம்மை என் மகள் உருட்டிக்கொண்டு வந்தாள்.

"என்ரைதான்," என்றார் அவர். பேசியது நோர்வேஜிய மொழி. எனக்கு ஞாபகம் இருப்பது என் தமிழில்தான்.

அந்த ஒரு சொல்லோடு விட எனக்கு மனமில்லை. கோப்பிக்குக் கூப்பிட்டேன்.

அறுபதுகளில் வேலைக்காக ஒஸ்லோ வந்த இங்கிலாந்துப் பொடியன்கள் நால்வர் சேர்ந்து 'பீட்' என்ற அந்தக் காலத்து மேற்கத்திய இசைக்கு ஒரு குழு தொடங்கினார்களாம். இவர் டிரம் பழகியதே இங்கேதான்.

"அப்ப இங்கிலாந்துக்காரர் எண்டாலே காணும். வாய் திறந்து கதைச்சாலே சனம் கை தட்டும்."

இரண்டு கோடைகள், ஒரு பழைய வேன் வண்டியில் வடக்கே துரொண்ட்ஹெய்ம் நகரம் வரை போய் வாசித்தார்கள். ஓர் இசைத்தட்டும் வந்தது. அதற்குள் நோர்வேப் பொடியன்கள் இவர்களைவிட நன்றாக வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். யாரும் கூப்பிடவில்லை. மற்ற மூவரும் ஊர் திரும்பினார்கள்.

"நீங்கள் ஏன் போகேல்லை?"

"அங்கை ஒருத்தருக்கும் நான் டிரம் அடிப்பன் எண்டு தெரியாது."

அவரிடம் அந்த இசைத்தட்டு இல்லை. என் மகள் இணையத்தில் தேடித்தேடி, பெர்கன் நகரில் ஒருவரிடம் இருப்பதைக் கண்டுபிடித்து வரவழைத்தாள். போட்டுக் கேட்க இரண்டு வீட்டிலும் கருவி கிடையாது. நகரத்தில் பழைய இசைத்தட்டுகள் விற்கும் கடைக்கு மூவரும் ரயிலில் போனோம்.

கடைக்காரர் போட்டுவிட்டார். கீழ்வீட்டுக்காரர் தட்டுச் சுற்றுவதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"டிரம்காரன் ஓடுறான். பாட்டுக்காரன் பாவம், பின்னாலை கலைச்சுக்கொண்டு வாறான்," என்றார்.

மகள் மறுபக்கத்தையும் போடச் சொன்னாள். மெதுவான பாட்டு. வேறு குரல், கொஞ்சம் நடுக்கத்தோடு.

"இது ஆர் பாடுறது?" என்று எங்களையே கேட்டார்.

கடைக்காரர் உறையைத் திருப்பிப் பார்த்தார். அதில் பாடியவர் பெயர் இல்லை. மறுபடி போட்டார்.

"அது நீங்கள்தான்," என்றாள் மகள்.

"நான் பாடினனானோ?"

திரும்பும் ரயிலில் அந்த மெட்டை முணுமுணுத்துப் பார்த்தார். இரண்டாவது வரிக்கு மேல் வரவில்லை.

அடுத்த கிழமை மகள் ஒரு சிநேகிதியிடம் பழைய இசைத்தட்டுக் கருவியை இரவல் வாங்கி அவர் வீட்டில் பொருத்திக் கொடுத்தாள். பின்னேரங்களில் கீழேயிருந்து அந்த மெதுவான பாட்டு மட்டும் கேட்கும். மற்றப் பக்கத்தை அவர் போட்டதாகத் தெரியவில்லை. சில நாட்களில் தட்டின் குரலோடு அவர் குரலும் சேர்ந்து கேட்டது. எனக்கு இரண்டும் ஒரே ஆளின் குரலாகத்தான் தோன்றின. தட்டில் பாடுவதும் நீங்கள்தானே என்று அவரைக் கேட்டால், "இருக்கலாம்," என்பார்.