வேலை உடுப்போடு ஒரு படம்

1991 அக்டோபர், சனிக்கிழமை காலை ஒன்பதரை. லண்டனில் டூட்டிங் பிராட்வேயில் சுரங்க ரயில் ஏறினோம். நாள் முழுவதுக்குமான சீட்டு இரண்டு பவுண்டு அறுபது பென்ஸ். என்னை அழைத்துப்போனவர் சுகுமாரன், யாழ்ப்பாணத்துக்காரர், பெட்ரோல் பங்கில் வேலை. சென்னையில் என் பக்கத்து வீட்டில் அகதியாகத் தங்கியிருக்கும் வதனியை அவருக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். அந்த உரிமையில்தான் அவர் அறையில் தங்கியிருந்தேன்.

வதனியிடம் இருந்த மாப்பிள்ளைப் படத்தை நான் பார்த்திருக்கிறேன். கோட்டு, டை, பக்கத்தில் நீலக் கார். "ஆமா, அந்தக் கார் எங்கே?" என்று கேட்டுத் தொலைத்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"கார் முதலாளியின்ரை, கோட் என்னோடை அறையிலை இருக்கிற பெடியன்ரை. இஞ்ச கனபேர் அப்பிடித்தான் எடுத்து அனுப்புறவை, அண்ணை. அவ என்னை மனேஜர் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா. உண்மையைச் சொல்லி, மாட்டன் எண்டிட்டா?"

சேரிங் கிராஸில் இறங்கி ஐந்து நிமிட நடை. சிறிய ஓவியக்கூடம், அனுமதி இலவசம். போன நூற்றாண்டு அமெரிக்க ஓவியர் ஒருவரின் படங்கள். கடைப்பலகை எழுதித் தொடங்கியவராம். பணக்காரர் முகங்களை வரைந்து அலுத்து, ஊருக்குத் திரும்பி அக்கம்பக்கத்தாரை வரைந்திருக்கிறார். சோளம் உரிக்கும் பெண்கள், பிடில் வாசிக்கும் கிழவர், லாடம் அடிக்கும் கொல்லர். கொல்லரின் சட்டைமடிப்பில் கரி கூடத் தெரிந்தது. அப்பப்பா, என்ன கை! ஒரு மணி நேரம் நின்றும் கால் கடுக்கவில்லை.

சுவர்க்குறிப்பைச் சுகுமாரன் தமிழில் சொன்னார்: "படம் கீறப்போறார் எண்டு எல்லாரும் சேர்ச்சுக்குப் போற உடுப்போடை வந்து நிண்டவையாம். மனுசன் திருப்பி அனுப்பிப்போட்டாராம், வேலை உடுப்போடை வாங்கோ எண்டு."

சிரித்தார். கிளம்பும்முன் கொல்லரின் படத்துக்கு முன்னால் இன்னொரு தடவை போய் நின்றார்.

மறுநாள் பிற்பகல் என்னைக் கேமராவோடு பெட்ரோல் பங்குக்கு வரச் சொன்னார். சிவப்பு மேற்சட்டை, கையில் ஈரத் துடைப்பம். "மனம் மாற முதல் கெதியா எடுங்கோ, அண்ணை."

எடுத்தேன். செவ்வாய்க்கிழமை கழுவிய படத்தையும் வதனிக்கு அவர் எழுதிய கடிதத்தையும் வாங்கிக்கொண்டு விமானம் ஏறினேன். லண்டனில் எத்தனையோ பார்த்தாயிற்று. வழியெல்லாம் நினைப்பு அந்த உறையில்தான் இருந்தது. நான் கொண்டுபோவதால் ஒரு கல்யாணம் நின்றுவிட்டால்?

சென்னையில் வதனி தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். படத்தைப் பார்த்த அவள் தாயின் முகம் சுண்டிப்போயிற்று. "நிலம் துடைக்கிற வேலையோ?"

வதனி கடிதத்தை இரண்டு முறை வாசித்தாள்.

"கமரா கிடக்கோ, அண்ணை? நான் அனுப்பின படத்திலை போட்டிருந்த சங்கிலியும் இரவல்தான்."

"போய்ச் சீலையை மாத்திக்கொண்டு வா, பிள்ளை" என்றார் தாய்.

வதனி எழுந்திருக்கவில்லை. ஊசியில் நூலைக் கோத்து, துணியை நேராக்கி, "இப்ப எடுங்கோ" என்றாள்.