மசாதாவின் தண்ணீர்த் தொட்டி

“நீ பள்ளிக்கூடம் போனா தண்ணி யாருட்டி பிடிப்பா?” என்று, மும்பை தாராவியில் நான் சிறுமியாக இருந்தபோது, அத்தை ஒருமுறை என்னிடம் கேட்டாள்.

போன மாதம் கல்லூரியிலிருந்து இஸ்ரேல் பாலைவனத்திலுள்ள மசாதாவுக்குப் போயிருந்தோம். ரோமப் படையை எதிர்த்து யூதர்கள் கடைசிவரை நின்ற மலைக்கோட்டை அது. பாறையில் குடைந்த பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கினோம். தோழியின் பாட்டில் சுவரில் இடித்து, காலி டிரம் போல ‘டம்’ என்றது. எனக்கு எங்கள் சந்து நினைவுக்கு வந்துவிட்டது.

காலையில் ஒரு மணி நேரம்தான் குழாயில் தண்ணீர் வரும். என் பள்ளியும் அப்போதுதான். அம்மா அதற்குமுன்பே மாட்டுங்காவுக்கு வீட்டுவேலைக்குப் போயிருப்பாள். அதனால் தோல் பட்டறைக்குப் போகுமுன் அப்பாவே பெண்கள் வரிசையில் நின்றார்.

“அண்ணாச்சி, சேலையும் கட்டிட்டு வந்திருக்கலாம்லா?” என்பாள் வரிசையில் ஒருத்தி.

“நாளைக்குக் கட்டிட்டு வாரேன். இப்போ கேனை நவுத்துங்க தாயி.”

ரப்பர் குழாய் வாசமடிக்கும் அந்தத் தண்ணீரை இரும்பு ஏணியில் மாடியிலிருந்த எங்கள் அறைக்கு ஏற்றுவார். பத்து வருடம் ஏற்றினார். நான் ஒருநாளும் பள்ளிக்குப் பிந்தியதில்லை.

மசாதாவுக்கும் கீழிருந்துதான் தண்ணீரைச் சுமந்து ஏற்றினார்களாம். அங்கே பலகையில் கோட்டையைக் கட்டிய அரசனின் பெயர் இருந்தது, சுமந்தவர்களின் பெயர் இல்லை.

ஊர் திரும்பியதும் ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பித்துவிட்டேன். தலைப்பு: ‘கோட்டைக்குத் தண்ணீர் சுமந்தவர்கள்.’